“மறுபடியும் வந்துருமோ?” – சுகமாகி வந்தவர்களின் பயமும் நமது கடமையும்

(மாதர் கிளைத் தலைவிகளுக்கும் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் நடந்த பயிற்சி நாளில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்தப் பயிற்சி நாட்களில் சம்பளம், கொழுந்து நிறுவை, வீட்டுக் காணி, சேமலாப நிதி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது வேறு விடயம். புற்றுநோய்க்கு வைத்தியம் செய்து, சுகமாகித் தோட்டத்துக்குத் திரும்பியவர்களைப் பற்றிப் பேசப் போகிறோம். “நோயில் கிடப்பவர்களைப் பற்றியல்லவா பேச வேண்டும், சுகமானவர்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த உரை.

ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்த நாளில் நமது லயத்து ஜனங்கள் சும்மா இருப்பதில்லை. வீட்டுக்கு வீடு காசு சேர்க்கிறோம். கோயிலில் பூசை வைக்கிறோம். மஹரகமைக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ கூடப்போக ஆள் தேடுகிறோம். பிள்ளைகளைப் பக்கத்துக் காம்பராவில் வைத்துச் சோறு கொடுக்கிறோம். ஒப்பரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, கரண்ட் பிடித்து முடிந்து, “இனி கிளினிக்குக்கு மட்டும் வந்தால் போதும்” என்று டொக்டர் சொன்னதும் எல்லோரும் மூச்சு விடுகிறோம். அவரவர் வேலைக்குத் திரும்புகிறோம். அன்றைக்குத்தான் அவருக்குத் தனிமை தொடங்குகிறது. வைத்தியம் நடக்கும்போது தாதிமார் இருந்தார்கள், டொக்டர்மார் இருந்தார்கள், பக்கத்துக் கட்டிலில் அதே நோய்க்காரர் ஒருவர் பேச்சுத் துணையாக இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு இருப்பது அவரும் அவருடைய மனதும்தான். “மறுபடியும் வந்துருமோ?” என்ற கேள்வி ராத்திரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்கக் கூடாது. உலகம் முழுவதும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் மனக்கஷ்டங்களில் இது ஒன்று. வயது குறைந்தவர்களிடமும், சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மாரிடமும் இது கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வருடங்கள் போனால் தானாகப் போய்விடும் என்றும் சொல்ல முடியாது. நோய் சின்னதாக இருந்தவருக்குப் பயம் பெரிதாக இருக்கலாம், நோய் முற்றி இருந்தவர் தைரியமாகவும் இருக்கலாம். ஆகவே “உனக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சாச்சே, ஒனக்கு என்ன பயம்?” என்று கேட்பதில் அர்த்தமில்லை.

நமது மக்களுக்கு இந்தப் பயத்தோடு வேறு சில பயங்களும் சேர்ந்து வருகின்றன. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் போய்வரும் செலவு, வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேன், 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கடையில் வாங்கிய மருந்து, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்ந்து கடனாகி நிற்கிறது. தோடும் சங்கிலியும் அடகுக் கடையில் இருக்கின்றன. நோய் திரும்பினால் இந்தத் தடவை எதை அடகு வைப்பது? பெரிய பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்ப வேண்டி வருமோ? இதெல்லாம் ஒரே கேள்விக்குள் இருக்கிறது.

இந்தப் பயம் இரண்டு விதமாக வெளியில் தெரியும். ஒன்று, ஓயாமல் உடம்பைத் தடவிப் பார்ப்பது. குளிக்கும்போது, படுக்கும்போது, மலையில் நிற்கும்போதுகூடக் கை கழுத்துக்கும் அக்குளுக்கும் போகும். தலைவலி என்றால் மூளைக்கு ஏறிவிட்டது, முதுகுவலி என்றால் எலும்புக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மற்றது, பார்க்கவே மறுப்பது. கிளினிக் கார்ட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். “மழை”, “பிள்ளைக்குப் பரீட்சை”, “பேர் போயிரும்” என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லித் திகதியைத் தவறவிடுவார்கள். உண்மையான காரணம், போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நாங்கள் டிவிஷன் டிவிஷனாகப் போய்ப் பேசியதில் அதிகம் கண்டது இந்த இரண்டாவது வகை. ஆபத்தானதும் இதுதான். கிளினிக்கை விட்டவர் மாத்திரையையும் விடுகிறார். மார்புப் புற்றுநோய்க்குப் பிறகு டெமொக்ஸிஃபென் போன்ற மாத்திரைகளை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம்கூடக் குடிக்கச் சொல்வார்கள். நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைப்பதற்குத்தான் அந்த மாத்திரை. பயத்தால் கிளினிக்கை விட்டு, அதனால் மாத்திரையும் நின்றுபோனால், எதற்குப் பயந்தாரோ அதற்கே வழி திறந்துவிடுகிறது. ஆகவே இந்தப் பயத்துக்குத் துணை நிற்பது உயிரைக் காக்கும் வேலை.

முதலில் நாம் சொல்லக்கூடாத சில வார்த்தைகளைப் பார்ப்போம்.

“ஒனக்கு ஒன்னும் வராது.” இதை நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் டொக்டரே கொடுக்காத உத்தரவாதத்தை நாம் எப்படிக் கொடுப்பது? கேட்கிறவருக்கும் அது தெரியும். அடுத்த தடவை பயம் வந்தால் நம்மிடம் சொல்ல மாட்டார்.

“அதையே நெனைச்சிட்டு இருக்காத.” நினைக்காதே என்று சொன்னால் நினைப்பு நிற்குமா? பயத்தோடு சேர்த்து, பயப்படுவது தப்பு என்ற வெட்கத்தையும் அவர் சுமக்க வேண்டி வருகிறது.

“இப்படித்தான் மேல் டிவிஷன்ல ஒருத்திக்கு அஞ்சு வருஷம் கழிச்சு வந்துச்சு.” இந்தக் கதையைக் கொழுந்து மடுவத்தில் நின்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் ஒன்றல்ல, பல வகை. வந்த இடம், எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள், என்ன வைத்தியம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு நடந்தது இன்னொருவருக்கு ஜாதகம் ஆகாது. அந்தக் கதையைத் தலைவிமார் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

“செய்வினையா இருக்கும்”, “போன பிறவிப் பாவம்” என்ற பேச்சும், தனிக் கோப்பை, தனித் தட்டு வைப்பதும் அறவே கூடாது. புற்றுநோய் தொட்டால் ஒட்டுகிற நோயல்ல. அதே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், அதே பாயில் படுக்கலாம்.

சரி, என்ன செய்வது? எங்கள் அனுபவத்திலும், வைத்தியர்களிடமும் தாதிமாரிடமும் கேட்டறிந்ததிலும் பயன்படுகிற சில வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, பயத்துக்கு இடம் கொடுத்துக் கேளுங்கள். “என்னக்கா, கிளினிக் கிட்ட வருதே, மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உடனே ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. “பயமா இருக்கும்தான். அன்னைக்கு நானும் ஒங்களோட வர்றேன்” என்ற வார்த்தை, “ஒன்னும் வராது” என்ற வார்த்தையைவிட நம்பக் கூடியது. ஏனென்றால் அது நம்மால் நிறைவேற்றக் கூடிய வாக்கு.

இரண்டாவது, இரண்டு கிழமைக் கணக்கு. உடம்பில் புதிதாக ஒரு வலியோ வீக்கமோ இருமலோ வந்தால், தொடங்கிய திகதியை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். தடிமன், இருமல், கூடை இழுத்த முதுகுவலி எல்லோருக்கும் வருவதுதான். பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் குறைந்துவிடும். குறையாமல் நின்றால், அல்லது கூடிக்கொண்டே போனால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் காட்ட வேண்டும். மார்பிலோ கழுத்திலோ புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் இரண்டு கிழமை பார்க்கத் தேவையில்லை, நேரே காட்டுங்கள். மூச்சு முட்டுவது, வலிப்பு, நிற்காத இரத்தப்போக்கு, கடும் முதுகுவலியோடு கால் மரத்துப்போவது இவையெல்லாம் அன்றைக்கே போக வேண்டியவை. 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், ஒவ்வொரு வலிக்கும் ராத்திரி முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை. உடம்பைத் தடவிப் பார்ப்பதையும் நாளுக்குப் பத்துத் தடவை செய்யாமல், டொக்டரோ தாதியோ காட்டிக்கொடுத்த முறையில் மாதத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மாத்திரையின் பக்கவிளைவை நோய் என்று எண்ணுவது. டெமொக்ஸிஃபென் குடிப்பவருக்குத் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும். லெட்ரோசோல் குடிப்பவருக்கு மூட்டுக்கு மூட்டு வலிக்கும். அந்த வலியை எலும்புப் புற்று என்று நினைத்து அழுதவர்கள் இருக்கிறார்கள். இது மாத்திரையாலா என்று கிளினிக்கில் கேட்டால் பதில் கிடைக்கும். தேவையென்றால் மாற்று மருந்தும் தருவார்கள். தாமாக மட்டும் நிறுத்தக் கூடாது.

நான்காவது, கிளினிக் நாள். பயம் உச்சத்தில் இருப்பது கிளினிக்குக்கு முந்தின கிழமையிலும், ஸ்கேன் எடுத்து ரிப்போட் கைக்கு வரும்வரைக்குமான நாட்களிலும்தான். நோய் கண்டுபிடித்த மாதம் திரும்பி வரும்போதும், தெரிந்தவர் யாராவது அதே நோயில் இறந்துபோனாலும் அப்படித்தான். அந்த நாட்களைத் தலைவிமார் குறித்து வைத்திருக்க வேண்டும். இரவு பஸ்ஸில் தனியாக அனுப்பாதீர்கள். கேட்க வேண்டிய கேள்விகளை முதல் நாளே தாளில் எழுதிக் கொடுங்கள். நமது பெண்கள் பலர், டொக்டர் சிங்களத்தில் சொன்னதைப் பாதி விளங்கிக்கொண்டு, மீதியைப் பயத்தால் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். சிங்களம் தெரிந்த இளைஞர் ஒருவர் கூடப்போனால் அந்தப் பாதிப் பயம் வழியிலேயே தீர்ந்துவிடும். இளைஞர் அணித் தோழர்களுக்கு இது நல்ல வேலை.

ஐந்தாவது, கவலைக்கு நேரம் ஒதுக்குவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மனநல வைத்தியத்தில் பயன்படுத்தும் முறை இது. சாயந்தரம் கால் மணித்தியாலம் கவலைக்கென்று வைத்துக்கொள்வது. மற்ற நேரத்தில் பயம் வந்தால், “வந்துட்டியா, சாயந்தரம் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுக் கையிலுள்ள வேலைக்குத் திரும்புவது. பயத்தைத் துரத்துவதல்ல, காக்க வைப்பது. அவுஸ்திரேலியாவில் பேராசிரியர் பிலிஸ் பூட்டோ தலைமையிலான குழு, புற்றுநோயிலிருந்து மீண்ட 222 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை 2017 இல் வெளியிட்டது. பயம் வரும்போது அதன் பின்னால் ஓடாமல் கவனத்தைத் திருப்பப் பழகுவது, தமக்கு எது முக்கியமோ அதற்கு நாளைக் கொடுப்பது என்று ஐந்து அமர்வுகளில் பயிற்சி பெற்றவர்களுக்கு, வெறும் உடல் தளர்த்தும் பயிற்சி பெற்றவர்களைவிடப் பயம் கூடுதலாகக் குறைந்தது. பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் நமது டிவிஷனில் இல்லை. ஆனால் அதன் சாரம் நமக்கும் ஆகும். மரக்கறித் தோட்டம், பஜனை, பிள்ளையின் படிப்பு, சங்க வேலை, அவருக்கு எது முக்கியமோ அதில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். “பாவம், நோயாளி” என்று ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள்.

ஆறாவது, நம்மால் முடியாத இடம் எது என்று அறிந்திருப்பது. பல கிழமையாகத் தூக்கமில்லை, சாப்பாடில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, “இருந்து என்ன பிரயோசனம்” என்ற பேச்சு வருகிறது என்றால் அது ஆறுதல் வார்த்தைக்கு அப்பாற்பட்டது. பெரிய வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். “பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிறாள்” என்ற பேச்சு எழாமல் பார்த்துக்கொள்வது கமிட்டியின் பொறுப்பு.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு மெல்லும் புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. வாயில் ஒப்பரேஷன் செய்து வந்த தோழர் முகம் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் பிரட்டுக்களத்தில் ஒதுங்கி நிற்கிறார். தேத்தண்ணி நேரத்தில் மற்றவர்கள் முன்னால் சாப்பிட மாட்டார். பயமா என்று கேட்டால் “எனக்கென்ன பயம்” என்பார். அந்தப் பயம் சிலரைச் சாராயத்துக்கும், சிலரைத் திரும்ப வெற்றிலைக்கும் கொண்டுபோகிறது. குளிருக்கும் பசிக்கும் மெல்லத் தொடங்கிய பழக்கத்தை விடுவது லேசானதல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவருடைய பயத்துக்கு அவர் கையிலேயே இருக்கிற மருந்து அதுதான். விட்டால் புதிதாக ஒரு புற்று வரும் வாய்ப்புக் குறைகிறது. அவரைத் தனியாக விடச் சொல்லாமல், அவரோடு மலைக்குப் போகிற நாலு பேரும் அவர் முன்னால் மெல்லாமல் இருப்போம். சங்கக் கூட்டங்களில் வெற்றிலைத் தட்டில் புகையிலையும் பாக்கும் வைப்பதை நிறுத்துவோம் என்று இங்கே முன்மொழிகிறோம்.

பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். அம்மாவுக்குக் கிளினிக் நாள் என்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளை கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கும். பெரியவர்கள் ஒளித்தால் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அது தன் பாட்டுக்கு இன்னும் பயங்கரமாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும். “அம்மாவுக்கு நோய் இருந்துச்சு, மருந்து எடுத்தாச்சு. வந்திருக்கா இல்லையான்னு பார்க்கத்தான் போறோம். என்ன சொன்னாங்கன்னு ஒனக்கும் சொல்வேன்” என்று வயதுக்கேற்ற மாதிரிச் சொல்லிவிடலாம். வகுப்பாசிரியருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சகோதரிமாருக்கும் வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கும் “நமக்கும் வருமோ” என்ற பயம் இருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்கு 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைக்கிறார்கள். குடும்பத்தில் ஏற்கனவே நோய் வந்திருந்தால் அந்த வயது வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமாதுவிடம் சொல்லி ஆலோசனை கேட்கட்டும்.

கடைசியாக, சங்கம் என்ற வகையில் நாம் கேட்டுப் பெற வேண்டியவை. ஆறுதல் வார்த்தையால் மட்டும் தீராத பயத்தில் பாதி, வேலையிலும் சம்பளத்திலும் இருக்கிறது.

மார்பு ஒப்பரேஷனோடு அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவருக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கக் கூடும். கவாத்துக் கத்தி கீறுவதும், அட்டைக்கடியும், முள்ளும் அந்தக் கையில் கிருமி ஏற வழியாகும். கை வீங்கும்போதெல்லாம் “வந்துருச்சு” என்ற பயமும் வீங்கும். அவருக்குக் கையுறை வேண்டும், பாரம் குறைய வேண்டும். ஒரு தோட்டத்தில், ஒப்பரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிய பெண்ணுக்கு நிர்ணயித்த கிலோ எடுக்கவில்லை என்று அரைப் பேர் போட்டார்கள். அவர் அடுத்த இரண்டு கிளினிக்குக்குப் போகவில்லை. போனால் இன்னொரு பேர் போகும் என்றார். தலைவர், டொக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை ஒபிசுக்குப் போன பிறகு அவரைத் தவறணை வேலைக்கு மாற்றினார்கள். மூன்றாவது கிளினிக்குக்கு மாதர் கிளைத் தலைவியும் கூடப்போனார். இப்போது மாத்திரை ஒழுங்காக நடக்கிறது. பயம் போய்விட்டதா என்று கேட்டோம். “போகல. ஆனா இப்ப நான் மட்டும் அதோட இருக்கல” என்றார்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் எழுத்தில் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. ஒன்று, புற்றுநோய் கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. இரண்டு, டொக்டரின் கடிதம் இருந்தால் கிலோக் கணக்கில்லாத இலகு வேலை. தவறணையிலோ பிள்ளை மடுவத்திலோ தேயிலைத் தொழிற்சாலையின் பாரமில்லாத வேலையிலோ கொடுக்கலாம். மூன்று, கிருமிநாசினி, களைநாசினி அடிக்கும் வேலைக்கு அவர்களைப் போடக் கூடாது.

உதவி பெறும் வழிகளையும் தெரிந்து வைத்திருங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளர் உதவித்தொகை பற்றிக் கேட்கலாம். ஜனாதிபதி நிதியத்துக்கு மருத்துவ உதவி கோரி விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் வரை மருத்துவத் தேவைக்கு முன்கூட்டிப் பெறும் ஏற்பாடு இருக்கிறது. சேவைக் காலம், கணக்கிலுள்ள தொகை பற்றிய நிபந்தனைகள் உண்டு. படிவம் நிரப்ப நாங்கள் உதவி செய்வோம். பாடசாலை விட்டபின் எந்த நாளும் வரலாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செய்ய ஒரு வேலை தருகிறோம். உங்கள் டிவிஷனில் வைத்தியம் முடித்து வந்தவர்கள் யார் யார், அடுத்த கிளினிக் எப்போது, கூடப்போக யார் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். அந்தக் கொப்பி தலைவியின் கையில் இருக்கட்டும், பிரட்டுக்களத்துப் பேச்சுக்கு வர வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்தில் சந்தா கணக்கைப் பார்க்கும் முன்னர் நாம் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய கேள்வி: இந்த மாதம் கிளினிக்குக்குத் தனியாகப் போனவர் யாராவது இருக்கிறாரா?